பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

புதிதாக வண்டி வயரிங் வேலைக்கு வந்திருக்கிறவர்களிடம் பேச வந்தால் எல்லாரும் தைரியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைப் பற்றித் தெரியாது. நான் பயந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லாதவனுக்குத் தெரியாததையெல்லாம் பார்த்துப் பயப்படுவதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்து வண்டி ரோட்டுக்குப் போன பிறகும், அதன் வயர்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு இறங்காது.

கேரள எல்லையோரம் மீனாட்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ரிப்பேர் ஷெட்டின் மேஸ்திரிக்கு இது பெரிய வேடிக்கை. “ஏப்பா ரங்கா, கல்யாணத்தன்னைக்குத் தாலி முடிச்சு போட்டுப்போட்டு ஒருக்கா இழுத்துப் பாத்தியா, இல்ல மேல டேப்பு சுத்துனியா?” என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் அவர் போட்ட ஒரு இணைப்புகூட அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போக உங்களுக்கே தெரியும்.

எழுபதுகளின் நடுவில், அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலத்தில், ஒரு வேன் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். எஞ்சின் பின்னால் இருக்கிற வெளிநாட்டு வேன். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, சின்ன அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஏதோ தேசத்திலிருந்து அதிலேயே சமைத்துத் தின்று, அதிலேயே தூங்கி, ஓட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. பிறகு யார் யாரிடமோ கைமாறி, கடைசியில் உடுமலைப்பேட்டையில் ஒருவரிடமிருந்து சுடலைமுத்து என்பவர் வாங்கியிருந்தார். அவர் மூணாறுக்காரர். எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு.

அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு வயிற்றில் கட்டி. பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று, அவளைப் பின்படுக்கையில் படுக்கவைத்து, மலையிறங்கி, பொள்ளாச்சி வழியாக வந்திருக்கிறார். மீனாட்சிபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பொழுது இறங்கும் நேரம், தூறல் வேறு. ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்ததால் வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரி வேனின் இடது பின்பக்கத்தில் ஏறிவிட்டது. பேச்சியம்மாள் படுத்த இடத்திலேயே இறந்துபோனாள்.

லாரியை ஓட்டியவர் ஆறுச்சாமி, கொழிஞ்சாம்பாறைக்காரர். அவரை ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். முன்னால் போன வண்டியில் பின்விளக்கே இல்லை என்று அவர் சொன்னார். ஆனால் சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்: இடது விளக்கு நொறுங்கிக் கிடந்தது, வலது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மோட்டார் இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கே வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. அப்படியே எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எரிகிற விளக்கை எரியவில்லை என்று யார் எழுதுவார்கள்?

வேனை உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று போலீஸ் சொன்னதும் சுடலைமுத்து வந்தார். மழிக்காத முகம். வேனுக்குள் ஏறவில்லை. வெளியிலேயே நின்றபடி பேசினார்.

“தம்பி, மூணாறு வரைக்கும் ஓடுத மாதிரி ஆக்கித் தந்துருங்க. மத்தத அங்க வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

பேச்சியம்மாளின் பச்சை நிறத் தகரப் பெட்டியை அன்று ரோட்டிலிருந்து எடுத்துவந்து ஷெட் மூலையில் வைத்திருந்தோம். கொண்டுபோகிறீர்களா என்று கேட்டேன். அதன் பக்கம் திரும்பாமலே “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு பெண் வந்தாள். ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தா.

“ஏனுங்கண்ணா, அந்த வண்டிய நீங்கதான் பாக்கறீங்களா?”

“ஆமாங்க.”

“என்ற ஊட்டுக்காரரு லைட்டே இல்லீன்னு சொல்றாருங்க.”

மேஸ்திரி டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பதில் சொன்னார். “அம்மிணி, லைட்டு எரிஞ்சத ஊரே பாத்திருக்குது.”

“அதையுந்தானுங்க சொல்றாரு. மோதறப்ப இல்லியாமா. அப்பறங் கொஞ்ச நேரங் கழிச்சுத் தானாப் பத்திக்கிச்சாமா.”

“தானாப் பத்திக்கறதுக்கு அதென்ன கார்த்திகைத் தீபமா?” என்று மேஸ்திரி சிரித்தார். “போம்மா. போயி நல்ல வக்கீலாப் பாரு.”

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. “அவரு குடிப்பாருங்க. இல்லீங்கல. அன்னைக்குக் குடிக்கல” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஷெட்டின் வாசல் கேட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வேனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஒரு வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. தானாகப் பத்திக்கொண்டதாம். பொய் சொல்கிறவன் நம்புகிற மாதிரிதானே சொல்வான்? ‘விளக்கே இல்லை’ என்பதோடு நிறுத்தியிருந்தால் அது பொய்யாக இருக்கலாம். ‘மோதிய பிறகு தானாக எரிந்தது’ என்று, தனக்கே கெடுதலான, ஊரே சிரிக்கிற ஒன்றை எதற்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்? கண்ணால் பார்க்காமல் அப்படி ஒன்றைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. வண்டிக்காரர் சொல்கிற புகார் உங்கள் புத்திக்கு எட்டவில்லை என்றால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எட்டாத புகாரில்தான் பெரும்பாலும் உண்மை இருக்கும்.

சரி, வேனுக்குள் இறங்கினேன். இறங்கிய பிறகு ஏன் இறங்கினோம் என்று ஆகிவிட்டது.

அந்த வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. வண்டியைச் செய்தபோது போட்ட வயர்கள் ஒழுங்காக ஓடின. அதன் மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் போட்டது: மின்விசிறிக்கு, பாட்டுப் பெட்டிக்கு, தலைமாட்டு விளக்குக்கு. அதன் மேல் வழியில் எந்தெந்த ஊர்க்காரரோ போட்டது. ஒரு இடத்தில் டெலிபோன் வயர், இன்னொரு இடத்தில் வீட்டுக்கு இழுக்கிற வயர். ஒருவர் சிவப்பில் கரண்ட் கொண்டுபோயிருந்தார், அடுத்தவர் அதே சிவப்பை வண்டியின் தகரப் பாடியோடு சேர்த்து எர்த் ஆக்கியிருந்தார். மின்விசிறியும் பாட்டுப் பெட்டியும் எப்போதோ போய்விட்டன, சுவிட்சுகள் மட்டும் மிச்சம். தட்டினால் எதுவும் நடக்காத சுவிட்சுகள் வண்டி முழுவதும் இருந்தன. ஜன்னலோரம் இருந்த ஒன்றில் பேச்சியம்மாள் ஒரு துணிப்பையை மாட்டியிருந்தாள். உள்ளே சீப்பும் குங்குமச் சிமிழும் இருந்தன. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தேன், அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்விளக்குக்கு வருகிற கரண்ட் வயரை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன். வெட்டில்லை, ஒட்டில்லை, சுத்தம். திரும்பவும் முதலிலிருந்து வந்தேன். அப்போதும் சுத்தம். “மூணாவது தடவ போனா அது என்ன மனசு மாறிக்குமா?” என்று மேஸ்திரி கேட்டார்.

உடைந்த இடது விளக்குக்குப் பதிலாக வேறு போட வேண்டுமே, அளவு பார்க்கலாம் என்று வலது விளக்கைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். தகரத்தின் மேல் நேராக உட்கார வேண்டிய விளக்குக்கு அடியில் கறுப்பு ரப்பர் வைத்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர். வெளிநாட்டில் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். அது எங்கள் ஊர்க் கை.

விளக்கு பாடியில் ஒட்டக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வண்டியில் கரண்ட் திரும்பிப் போவது அந்தத் தகரம் வழியாகத்தான். அதை மறித்துவிட்டால் எர்த் எங்கே? நான் கரண்ட் வருகிற வழியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பிப் போகிற வழியைப் பார்க்கவே இல்லை. ஒரு பழுப்பு வயர் விளக்கிலிருந்து கிளம்பி, படுக்கைப் பலகைக்கு அடியில் நுழைந்து, அலமாரியின் முதுகோடு ஒட்டி, முன்னால் போய்க்கொண்டே இருந்தது. முடிந்த இடம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தரையோரம். அங்கே, கை தொங்கினால் விரல் படுகிற இடத்தில், சின்ன நெம்பு சுவிட்சு ஒன்று இருந்தது. முன்னும் பின்னும் சாய்கிற மாதிரியானது.

விளக்கை மாட்டி எரியவிட்டு, அந்தச் சுவிட்சை முன்பக்கமாகச் சாய்த்தேன். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் ஒரேயடியாகச் செத்தன. முன்விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கமாகச் சாய்த்தேன். எல்லாம் உயிரோடு வந்தன.

கேட்டுப் பக்கத்திலிருந்து மயிலாத்தா எழுந்து நிற்பது தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் அதற்குக் கள்ளச் சுவிட்சு என்று பெயர். அரிசி கடத்துகிறவர்களுக்காகப் போடுவது. தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு அரிசியை ஏற்றிக்கொண்டு செக்போஸ்டைச் சுற்றி வண்டிப்பாதையில் போகும்போது, பின்னால் ஜீப் துரத்தினால் காட்டிக்கொடுப்பது பின்விளக்குத்தான். முன்விளக்கு இல்லாமல் ஓட்ட முடியாது, பின்விளக்கு இல்லாமல் ஓட்டலாம். கையைத் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டினால் வண்டி இருட்டோடு இருட்டாகிவிடும். வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரை எத்தனையோ லாரிகளில் இது இருந்தது. படுக்கை போட்ட வெள்ளைக்கார வேனை எந்தச் செக்போஸ்டில் சோதிப்பார்கள்? உடுமலைப்பேட்டையில் அதை வைத்திருந்த ஆள் அதற்காகத்தான் வைத்திருந்திருப்பார். மலையில் டூரிஸ்டு ஓட்டுகிற சுடலைமுத்துவுக்கு இந்தச் சமவெளி வழக்கம் எங்கே தெரியும்? வண்டி நிறையச் செத்த சுவிட்சுகள். அதுவும் ஒன்று என்று இருந்திருப்பார்.

குனிந்து பார்த்தேன். சுவிட்சின் நுனியில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

ஷெட் மூலைக்குப் போய் அந்தத் தகரப் பெட்டியைத் திருப்பினேன். அடியோரத்தில், சுவிட்சின் உயரத்துக்குச் சரியாக, ஒரு கீறல். பெட்டியை உள்ளே தள்ளினால் அதன் விளிம்பு நெம்பை முன்பக்கம் சாய்க்கும். வெளியே இழுத்தால் பின்பக்கம் சாய்க்கும். தள்ளும்போது அணைந்தது, இழுக்கும்போது எரிந்தது. அதைத்தான் ஆறுச்சாமி பார்த்திருக்கிறார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்க போட்டதுங்களா?”

அவர் குனிந்து இணைப்பைப் பார்த்தார். “என்றது இல்ல. என்ற முடிச்சு இப்பிடிப் பல்ல இளிக்காது.” நிமிர்ந்து துண்டில் கையைத் துடைத்தார். “ஆனா இத மாதிரி போட்டதில்லீன்னு சொல்லமாட்டேன்.”

“இப்ப என்னங்க பண்றது?”

“என்னத்தப் பண்றது. கழட்டி எறி. லைட்ட நேரா எர்த்துல போட்டு வண்டிய அனுப்பு.”

“அந்த ஆறுச்சாமி?”

“அப்ப நாம? போலீசு இந்தச் சுவிச்சப் பாத்தா இதோட நிப்பானா? ஒவ்வொரு லாரியா சீட்டக் கழட்டுவான். ஒரு ஷெட்ட உடமாட்டான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது கெடக்கட்டும். அந்த மூணாத்துக்காரன்கிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? உன்ற பொண்டாட்டிய நீயே…”

அவர் அதை முடிக்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

குறடு என் கையில் இருந்தது. இரண்டு வெட்டு வெட்டினால் போதும், அந்த வயரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போலீசிடம் நான் மட்டும் போய்ச் சுவிட்சைக் காட்டலாம் என்றால், அதுவும் பாதிதான். அன்றைக்குப் பெட்டி அங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர், சுடலைமுத்து. அவர் சொன்னால்தான் ஆறுச்சாமி வெளியே வருவார். சொல்லவேண்டுமானால் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

தைரியசாலிகள் அந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். போலீசை நினைத்தால் பயம், மேஸ்திரியை நினைத்தால் பயம், சுடலைமுத்துவின் முகத்தை நினைத்தால் அதைவிடப் பயம். நான் செய்தது ஒன்றுதான். இதில் எந்தப் பயம் நாளாக நாளாகத் தேயும், எந்தப் பயம் சாகிற வரைக்கும் கூடவே இருக்கும் என்று யோசித்தேன். குறடைப் பையில் போட்டேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பயத்தை விரட்ட வேண்டியதில்லை. அதை நிறுத்துப் பார்த்தால் போதும்.

சுடலைமுத்து வண்டியை எடுத்துப்போக ஒரு மத்தியானம் வந்தார். வானம் மூடிக் கிடந்தது, ஷெட்டுக்குள் வெளிச்சமில்லை. வேனின் முகம் உள்பக்கமாகவும் முதுகு கேட்டைப் பார்த்தும் நின்றது. மேஸ்திரி அவரைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் இந்தப் பக்கமே இல்ல, பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மயிலாத்தா கேட்டருகே இருந்தாள்.

“எல்லாம் சரியாயிட்டா தம்பி?”

“லைட்டு போட்டாச்சுங்கண்ணா. ஒருக்கா நீங்களே பாத்துருங்க.”

“அதப் பாத்து என்னத்துக்கு? லைட்டு அன்னைக்கும் எரிஞ்சுதுல்லா. அந்தப் பய கண்ணத் தொறந்து வச்சு ஓட்டியிருந்தாம்னா எம் பொண்டாட்டி இருந்திருப்பா.”

கேட்டருகே இருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

வாயால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ராத்திரியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அது மட்டுமில்லை. நானே சுவிட்சைத் தட்டிக் காட்டியிருந்தால், ‘லாரிக்காரனுக்காக நீயே மாட்டிவைத்தாய்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு நியாயமும் இருந்தது. அதனால் முன்விளக்கும் பின்விளக்கும் எரியச் சுவிட்சைப் போட்டுவிட்டு, பச்சைப் பெட்டியைத் தூக்கிவந்து பக்கவாட்டுக் கதவருகே வைத்தேன்.

“அண்ணா, அன்னைக்கு இந்தப் பெட்டி எங்கீங்க இருந்துது?”

“எதுக்குக் கேக்கீங்க?”

“அங்கியே ஒருக்கா வெய்ங்க.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பெட்டியை உள்ளே தூக்கிவைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலால் தள்ளினார். தகரம் உரசுகிற சத்தம் கேட்டது.

“அணைஞ்சு போச்சுங்க,” என்றாள் மயிலாத்தா.

சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்று பக்கத்திலிருப்பவளிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“என்ன அணைஞ்சுது?” சுடலைமுத்து இறங்கிப் பின்னால் வந்து பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்தார். முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. என்னிடம் வந்தார். நான் சீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினேன்.

“இதுவா? இது செத்த சுவிச்சுல்லா. இந்த வண்டி பூராம் செத்த சுவிச்சுதான்.”

“இது மட்டும் சாகலீங்கண்ணா.”

அது எதற்காகப் போடுவது என்று சொன்னேன். எத்தனை தடவை திக்கினேனோ தெரியாது. அவர் கேட்டாரா என்றும் தெரியவில்லை. பெட்டியை இழுத்தார். “பத்திக்கிச்சுங்க” என்றாள் அவள். தள்ளினார். இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. அவரே இறங்கி வந்து பார்த்தார். மறுபடி ஏறினார். இழுத்தார், தள்ளினார், இறங்கினார். போதுமண்ணா என்று நான் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“ரத்தத்த அமுக்கணும்னுதான் அன்னைக்குப் பெட்டிய இழுத்தேன். சீல எடுக்க.” பெட்டியின் விளிம்பைத் தடவினார். “பெட்டி தலமாட்டுல இருக்கட்டும்னு சொன்னா. கால நீட்ட எடம் வேணும்லான்னு நாந்தான் இங்கன தள்ளுனேன்.”

எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். மயிலாத்தா ஒதுங்கி வழிவிட்டாள். அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்த மாதிரி நின்றார்.

“நீ யாரும்மா?”

“லாரிக்காரரு பொண்டாட்டிங்க.”

அவர் ரோட்டுக்கு இறங்கினார். வலது பக்கம் போனால் போலீஸ் ஸ்டேஷன், இடது பக்கம் பஸ் நிற்கிற இடம். அவர் இடது பக்கம் திரும்பினார். மயிலாத்தா என் முகத்தைப் பார்த்தாள். பஸ் வந்தது, நின்றது, போனது. தூசி அடங்கியபோது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நான் சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போவுது தம்பி?”

“எனக்குத் தெரியுமுங்க. அந்தம்மாளுக்குத் தெரியும். அப்பறம் உங்களுக்கு.”

“அதக் கழட்டிப் போட்டுட்டு வண்டியக் குடுத்திருக்கலாம்லா நீங்க?”

“கையில கொறடு இருந்துதுங்கண்ணா. முடியல.”

இன்னொரு பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். சுடலைமுத்து எழுந்தார். நானும் எழுந்தேன், அவர் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். ஷெட்டைத் தாண்டும்போது மயிலாத்தாவும் எழுந்து, நான்கு எட்டுத் தள்ளி, எங்கள் பின்னால் வந்தாள்.

ஸ்டேஷனில் இருந்தவர் மலையாளி, பொறுமையான மனிதர். சுவிட்சைப் பற்றி நான் சொன்னதை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “அப்போ, ஆரா சுவிட்ச் ஓஃப் ஆக்கியது?”

நான் முந்திக்கொண்டேன். “யாரும் இல்லீங்க சார். பெட்டி இடிச்சுது. அது தானா…”

“தானா இல்ல,” என்றார் சுடலைமுத்து. “நாந்தான் அணைச்சேன். அப்படியே எழுதிக்கிடுங்க.”

மேஸ்திரி பயந்தபடியே நடந்தது. ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கினார்கள். அவரை ஒரு நாள் முழுவதும் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தவர் வெகுகாலம் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை, அந்தத் தாலிக் கிண்டலும் நின்றுபோயிற்று. ஆனால் அதன் பிறகு எந்த லாரி எந்த வேலைக்கு வந்தாலும், முதலில் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார். கள்ளச் சுவிட்சு இருந்தால் கேட்காமலே வெட்டுவார். “ஏனுங் மேஸ்திரி, அது எதுக்குங்க?” என்று லாரிக்காரர் பதறினால், “ஷார்ட்டாவுது” என்பார். அவர் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நல்ல விதமாகச் சொல்வதா, வேறு விதமாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆறுச்சாமி வெளியே வந்தார். மயிலாத்தாவோடு ஷெட்டுக்கு வந்து, கேட்டிலேயே நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வேன் நிற்கிறதே என்று வரவில்லை. மறுபடி லாரி ஓட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். விளக்கு எரியாததற்கு அவர் பொறுப்பில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஸ்டீரிங்கில் இருந்தது அவர் கைதானே.

ஷெட்டிலேயே நின்ற வேனை எடுத்துப்போகலாம் என்று போலீஸ் சொன்னதும் சுடலைமுத்து வந்தார். கள்ளச் சுவிட்சை வெட்டி எறிந்துவிட்டேன். பின்விளக்குகளை ரப்பரில்லாமல் தகரத்தில் பதித்தேன். செத்த வயர்கள் அத்தனையையும் உருவிப் போட்டேன். எதற்கென்று தெரியாத வயரை வண்டியில் விட்டு அனுப்பாதீர்கள், தெரியாமல் வெட்டவும் வெட்டாதீர்கள். இரண்டு முனையும் கண்ணால் பார்த்த பிறகு வெட்டுங்கள். ஜன்னலோரச் சுவிட்சை மட்டும் “அத விட்டுருங்க தம்பி” என்றார். இரண்டு முனையையும் தேடிப் பார்த்தேன். எதோடும் சேரவில்லை. டேப் சுற்றி அப்படியே விட்டேன். துணிப்பை அதில் தொங்கியது.

சாயங்காலம் வண்டியை எடுத்தார். நான் ரோட்டில் இறங்கி நின்று பார்த்தேன். இரண்டு பின்விளக்கும் நன்றாக எரிந்தன. புளியமரத்து வளைவுக்கு முன்னால் வண்டி நின்றது. என்னவோ ஏதோ என்று நான் நாலு எட்டு முன்னால் போனேன். சுடலைமுத்து இறங்கி, சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏறிப் போனார்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி மறுபடி நின்றது.